மறைந்திருப்பதை வரையாமல் விடுதல்

செம்பனைத் தோட்டத்தில் ஒரு நிரையின் முனைக்குப் போய் நேர்கோட்டில் நின்று பார்த்தால், முதல் மரம் மட்டும்தான் முழுதாகத் தெரியும். அதன் பின்னால் எத்தனை மரம் நின்றாலும், முதல் மரத்தின் இரு விளிம்பிலும் பிதுங்கும் மட்டைகளாகத்தான் அவை கண்ணுக்குப் படும். அரையடி நகர்ந்தால் இரண்டாவது மரத்தின் தண்டு ஒரு கீற்றாக எட்டிப்பார்க்கும். இன்னும் நகர்ந்தால் மூன்றாவது வரும். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தின் தென்கோடியில், நிபோங் திபால் வட்டாரத்துப் பைராம் தோட்டத்தில் வளரும் பிள்ளைக்கு இது அன்றாடக் காட்சி. இந்த வட்டாரத் தோட்டங்கள் 19-ஆம் நூற்றாண்டில் கரும்பில் தொடங்கி, ரப்பருக்கு மாறி, பிறகு செம்பனைக்கு வந்தவை. செம்பனையை ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளியில் முக்கோண அமைப்பில் நடுவார்கள். அதனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதோ ஒரு மரம் இன்னொரு மரத்தை மறைத்துக்கொண்டு நிற்கும்.

அந்தப் பிள்ளையிடம் ஒரு வரைதாளைக் கொடுத்துத் தோட்டத்தை வரையச் சொன்னால் ஆறு மரம் வரும். ஆறும் தனித்தனியாக, ஒன்றை ஒன்று தொடாமல், தாளின் அடிக்கோட்டின் மேல் வரிசையாக நிற்கும். எந்த மரமும் எந்த மரத்தையும் மறைக்காது.

ஏன் இப்படி? கண் பார்த்த மறைப்பு கைக்கு ஏன் வரவில்லை? இதைக் கற்றுக்கொடுக்க வேண்டுமா, கொடுத்தால் எந்த வயதில், எந்த முறையில்? தோட்டத்தின் பெயரையே தாங்கிய பைராம் தோட்டத் தமிழ்ப்பள்ளி போன்ற சிறிய பள்ளிகளில் காட்சிக்கலைக் கல்விக்கு நிற்கும் ஆசிரியர் பெரும்பாலும் கணிதமோ மொழியோ படித்து வந்தவர். அவருக்கு இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்ல ஆளில்லை. ஆனால் விடை தேடியவர்கள் நூறாண்டுக்கு மேலாக இருக்கிறார்கள். அவர்கள் கண்டதையும் நம் வகுப்பறைக்கு அதில் எது பொருந்தும் என்பதையும் இங்கே பார்க்கலாம்.

முதலில், பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பது. நான்கைந்து வயதில் ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கென்று ஓர் இடம். ஒன்றின் எல்லைக்குள் இன்னொன்று நுழையக் கூடாது. ஆஸ்திரேலிய உளவியலாளர் ஜாக்லின் குட்னவ் 1977-இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாகக் காட்டினார். நீண்ட தலைமுடி தோளில் இறங்கிவிட்டால் சில பிள்ளைகள் கையை முடியின் மேல் போட மாட்டார்கள். இடுப்புக்குக் கீழே எங்காவது கொண்டுபோய் ஒட்டுவார்கள். பின்னால் இருக்கும் பொருளைத் தாளில் மேலே தூக்கி வைப்பதும் உண்டு. இன்னும் சிலர் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுவிடுவார்கள், ஆனால் இரண்டின் கோடுகளும் முழுதாகத் தெரியும். அப்பா மோட்டார்சைக்கிளில் வேலைக்குப் போவதை வரைந்த படத்தைப் பாருங்கள். வண்டியின் இந்தப் பக்கத்திலேயே இரண்டு காலும் தொங்கும், அல்லது அந்தப் பக்கத்துக் கால் பெட்ரோல் டேங்க்கை ஊடுருவிக்கொண்டு தெரியும். அப்பாவுக்கு இரண்டு கால் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். ஒரு காலோடு அவரை வேலைக்கு அனுப்ப அதற்கு மனம் வராது.

இந்த ஊடுருவலை ஆராய்ச்சியாளர்கள் மிக முன்னரே கவனித்தார்கள். ஆர்தர் கிளார்க் 1897-இல் அமெரிக்காவில் பிள்ளைகளின் முன் ஓர் ஆப்பிளை வைத்து, அதில் தொப்பி ஊசி ஒன்றைக் குத்தி, வரையச் சொன்னார். சிறியவர்கள் ஊசியைப் பழத்தின் உள்ளே ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே கோடாக இழுத்தார்கள். வயது ஏற ஏறத்தான் கோடு பழத்தின் விளிம்பில் நின்று மறுபக்கத்தில் தொடர்ந்தது. பிரான்ஸின் ஜார்ஜ்-ஆன்ரி லூக்கே தன் மகளின் படங்களை ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்து 1913-இல் ஒரு நூல் எழுதினார். சிறு பிள்ளை தனக்குத் தெரிந்ததை வரைகிறது, வளர்ந்த பிள்ளை தன் கண்ணுக்குத் தெரிவதை வரைகிறது என்ற கருத்து அவர் வழியாகத்தான் பரவியது. சுவிஸ் உளவியலாளர்கள் பியாஜேயும் இன்ஹெல்டரும் 1948-இல் அதை எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ எட்டு ஒன்பது வயதுவரை பிள்ளைக்கு ஒரு நிலையிலிருந்து பார்க்கும் இடவுணர்வே முழுதாக உருவாவதில்லை என்று வாதிட்டார்கள். மறைப்பை வரையாதது பிள்ளையின் சிந்தனை இன்னும் வளராததன் அடையாளம் என்ற எண்ணம் ஆசிரியர் பயிற்சிகளில் வேரூன்றியது அப்படித்தான்.

அந்த எண்ணத்துக்கு ஆதாரமாகத் தோன்றிய சோதனை ஒன்று 1972-இல் வந்தது. நார்மன் ஃப்ரீமனும் ஜானிகூனும் ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளின் முன் ஒரு கோப்பையை வைத்தார்கள். கைப்பிடி பின்பக்கம் திரும்பியிருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. முன்பக்கத்தில் ஒரு பூ ஒட்டியிருந்தது. சிறியவர்கள் தெரியாத கைப்பிடியை வரைந்தார்கள், தெரிந்த பூவை விட்டார்கள். ஏறத்தாழ எட்டு வயதுக்குப் பிறகு நிலைமை தலைகீழானது. கைப்பிடி இல்லாவிட்டால் அது கோப்பை ஆகுமா என்பது சிறியவர்களின் நியாயம். பூ இருந்தாலும் இல்லாவிட்டாலும் கோப்பை கோப்பைதான்.

பிள்ளைக்கு மறைப்பு புரியவில்லை என்று இதிலிருந்து முடிவு கட்டுவது தவறு என்றே நான் கருதுகிறேன். காரணம் தொட்டிலிலேயே இருக்கிறது. கெல்மனும் ஸ்பெல்கியும் 1983-இல் வெளியிட்ட ஆய்வில் நான்கு மாதக் குழந்தைகளுக்கு ஒரு கட்டையின் பின்னால் அசையும் கோலைக் காட்டினார்கள். கோலின் நடுப்பகுதி மறைந்திருந்தது. மேல் நுனியும் கீழ் நுனியும் மட்டும் சேர்ந்து அசைந்தன. குழந்தைகள் அதை இரண்டு துண்டாகப் பார்க்கவில்லை, ஒரே கோலாகத்தான் பார்த்தார்கள் என்பது பின்னர் அவர்கள் எதை அதிக நேரம் உற்றுப்பார்த்தார்கள் என்பதிலிருந்து தெரிந்தது. நான்கு மாதத்தில் மறைப்பைப் புரிந்துகொண்ட பிள்ளை ஆறு வயதில் அதை வரையவில்லை என்றால், குறை பார்வையில் இல்லை. தாளுக்கு என்ன வேண்டும் என்று அது நினைக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

1980-களின் முதல் சில ஆண்டுகளில் பிரிட்டனில் நடந்த சோதனைகள் இந்தத் திசையில்தான் போயின. இந்தத் துறையில் ஆசிரியருக்கு உண்மையிலேயே பயன்படும் பகுதி அதுதான் என்பேன். பால் லைட்டும் மக்கின்டோஷும் 1980-இல் ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு கண்ணாடிக் குவளையையும் சின்னப் பொம்மை வீட்டையும் காட்டினார்கள். ஒருமுறை வீடு குவளைக்குப் பின்னால், ஒருமுறை குவளைக்கு உள்ளே. இரண்டு நிலையிலும் கண்ணுக்குத் தெரியும் காட்சி ஒன்றுதான். ஆனால் உள்ளே இருந்தபோது பிள்ளைகள் வீட்டைக் குவளைக்குள் வரைந்தார்கள். பின்னால் இருந்தபோது கணிசமானோர் இரண்டையும் தனித்தனியாக வரைந்தார்கள். இது தனி, அது தனி என்ற உண்மையைச் சொல்ல அவர்கள் எடுத்த வழி அது. அந்தப் படங்களில் கண்ட காட்சியைவிடக் கூடுதலான தகவல் இருந்தது.

அலிசன் டேவிஸ் 1983-இல் கோப்பைச் சோதனையைச் சிறிது மாற்றினார். ஒரு கோப்பைக்குப் பதில் இரண்டு. ஒன்றின் கைப்பிடி தெரியும்படி, மற்றதன் கைப்பிடி மறையும்படி பக்கம் பக்கமாக வைத்தார். தனிக் கோப்பைக்குத் தெரியாத கைப்பிடியைப் போட்ட வயதுப் பிள்ளைகள் பலர், இரண்டு கோப்பையைப் பார்த்தபோது மறைந்த கைப்பிடியை விட்டுவிட்டார்கள். இரண்டும் வேறுபடுகின்றன, வேறுபாட்டைக் காட்ட வேண்டும் என்ற தேவை வந்ததும் கை தானே மாறியது. மவ்ரீன் காக்ஸின் சோதனை இன்னும் அழகானது. ஒரு பந்தின் பின்னால் இன்னொரு பந்தை வைத்து வரையச் சொன்னால் சிறு பிள்ளைகள் இரண்டையும் தனித்தனியாகத்தான் வரைவார்கள் என்று அவர் முன்பே கண்டிருந்தார். 1981-இல் அவர் போலீசும் திருடனும் என்று ஒரு கதை சொன்னார். திருடன் ஒரு சுவரின் பின்னால் ஒளிந்திருக்கிறான், தலை மட்டும் மேலே தெரிகிறது. இந்தமுறை மிகச் சிறிய பிள்ளைகளிலும் பலர் திருடனின் உடம்பை வரையாமல் விட்டார்கள். ஒளிந்தவனை முழுதாக வரைந்தால் போலீஸ் பிடித்துவிடும் அல்லவா!

இந்தச் சோதனைகளை எல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். மறைப்பை வரைவதென்றால், தெரிந்த ஒன்றை வேண்டுமென்றே தாளில் விட்டுவிடுவது. விட்டுவிட ஒரு காரணம் வேண்டும். காரணம் கிடைத்தால் ஐந்து வயதுப் பிள்ளையும் விடும், காரணம் இல்லாவிட்டால் எட்டு வயதிலும் தயங்கும். விதியைச் சொல்லிக்கொடுக்கும் முன் காரணத்தைக் கொடுக்க வேண்டும். நம் வகுப்பறைகளில் பெரும்பாலும் விதி மட்டும்தான் போகிறது.

விதி மட்டும் போனால் என்ன ஆகும் என்பதற்கு மலேசியாவில் எந்தத் தொடக்கப்பள்ளியின் சுவரிலும் சாட்சி தொங்குகிறது. இரண்டு மலை, நடுவில் பாதி சூரியன், கீழே வளைந்து வரும் ஆறு அல்லது சாலை, ஓரத்தில் ஒரு தென்னை, ஒரு கம்பத்து வீடு. இந்தப் படத்தை வரையாத பிள்ளை இல்லை. பாலர் பள்ளி முடிக்கும்போதே கைக்கு வந்துவிடுகிறது. அந்தப் பாதி சூரியன் ஒரு சரியான மறைப்பு. சூரியனின் வட்டம் மலையின் சரிவில் வந்து நிற்கிறது, கீழ்ப்பாதி இல்லை. அப்படியானால் இந்தப் பிள்ளைகளுக்கு மறைப்பு தெரியும் என்று சொல்லலாமா? அதே பிள்ளையின் முன் ஒரு தண்ணீர்ப் போத்தலையும் அதற்குப் பின்னால் ஒரு மாம்பழத்தையும் வைத்துப் பாருங்கள். போத்தல் ஒரு பக்கம், மாம்பழம் ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும். பாதி சூரியன் அந்தப் பிள்ளைக்கு ஒரு பொருளின் மறைந்த நிலை அன்று. அது தனியொரு வடிவம், ஓர் எழுத்தைப் போல மனப்பாடமானது. கையில் இருப்பது பார்வை அல்ல, வாய்ப்பாடு.

வாய்ப்பாட்டை நான் முழுதும் பழிக்கவில்லை. பிரென்ட் வில்சனும் மார்ஜரி வில்சனும் பிள்ளைகள் இயற்கையைவிடப் பிற படங்களிலிருந்தே வரையக் கற்கிறார்கள் என்று காட்டினார்கள். 1982-இல் ஆசிரியருக்கும் பெற்றோருக்குமாக அவர்கள் எழுதிய நூலும் அந்த அடிப்படையில் அமைந்தது. படக்கதை, தொலைக்காட்சிக் கார்ட்டூன், அண்ணன் வரைந்த படம் எல்லாமே பள்ளிக்கூடம்தான். நம் வீடுகளில் அதற்கு நாள்காட்டிப் படமும் உண்டு. கோவில்பட்டியின் கொண்டையராஜுவும் அவரது மாணவர்களும் தீட்டிய சாமிப் படங்கள் சிவகாசி அச்சகங்களிலிருந்து தமிழர் குடியேறிய நாடுகளுக்கெல்லாம் போயின. முருகன் மயிலை மறைக்கும் விதம், தோகை பின்னால் விரியும் விதம் பிள்ளை தினமும் பார்ப்பது. இந்தப் படங்களைக் கொண்டு கேள்வி கேட்கலாம். முருகனின் மறுகால் எங்கே? தோகையின் எந்த இறகு அவருடைய முதுகுக்குப் பின்னால் போகிறது? விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். படத்தைப் பார்த்து எழுதுவதற்கும் படத்தைக் கேள்வி கேட்பதற்கும் இடையில்தான் வாய்ப்பாடு பார்வையாக மாறுகிறது.

இனி பென்சில். மறைப்பைத் தாளில் காட்டுவது உண்மையில் ஒரே ஒரு செயல். பின்னால் இருக்கும் பொருளின் கோடு, முன்னால் இருக்கும் பொருளின் விளிம்பில் வந்து முட்டி நிற்க வேண்டும். முட்டி நின்றால் கண் அதை மறைப்பு என்று படிக்கும். ஊடுருவிக் கடந்துபோனால் இரண்டும் கண்ணாடி என்று படிக்கும். இதில் நம் பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு, ஒரு தனிப் பழக்கம் இருக்கிறது. சிக்குக் கோலத்தில் கோடு கோட்டைக் கடந்துபோவதுதான் அழகு. புள்ளியைச் சுற்றி வளைந்து, வந்த கோட்டை வெட்டிக்கொண்டு, எங்கும் நிற்காமல் தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டும். கோடு பாதியில் நின்றால் கோலம் தப்பு. வாசலில் பாட்டியிடமோ அம்மாவிடமோ கோலம் பழகிய பிள்ளையிடம் வரைதாளில் கோட்டை நிறுத்தச் சொல்லும்போது, அதன் கை பழகிய ஒழுங்குக்கு எதிரானதைக் கேட்கிறோம். கோலத்தையும் படத்தையும் பக்கம் பக்கமாக வைத்து, இங்கே கடக்க வேண்டும், இங்கே நிறுத்த வேண்டும் என்று காட்டிவிட்டால் குழப்பம் விலகிவிடும். இரண்டும் வெவ்வேறு விளையாட்டு என்பது பிள்ளைக்கு உடனே புரியும்.

நிறுத்துவதோடு முடிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஒன்றில் ஏழு வயதுப் பெண்பிள்ளை போத்தலையும் மாம்பழத்தையும் வரைவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மாம்பழம் போத்தலைவிட அகலம், இரண்டு பக்கமும் பிதுங்கித் தெரிந்தது. போத்தலை முழுதாக வரைந்து முடித்தாள். பழத்தின் இடப்பக்க வளைவு மேலிருந்து இறங்கிப் போத்தலின் விளிம்பைத் தொட்டது. பென்சில் நின்றது. சரியாக நிறுத்திவிட்டாள். இனி மறுபக்கம். பென்சிலைத் தூக்கிப் போத்தலைத் தாண்டி வைத்தாள், ஆனால் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வலப்பக்கத்துப் பழம் இடப்பக்கத்தைவிட ஒரு விரற்கடை மேலே தொடங்கியது. முடித்த பிறகு தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, இது ரெண்டு மாங்கா ஆயிருச்சு என்றாள். அவள் சொன்னது சரிதான்.

இதற்கு ஓவியர்கள் கையாளும் எளிய வழி ஒன்று உண்டு. மறைந்த பகுதியில் பென்சில் தாளைத் தொடாமல், தாளுக்கு மேலே காற்றில் அதே வளைவை ஓட்டிக்கொண்டு போய், மறுவிளிம்பு வந்ததும் இறக்க வேண்டும். கை நிற்காது, கோடு மட்டும் நிற்கும். அந்தப் பிள்ளை முதலில் விரலாலும் பிறகு பென்சிலாலும் இரண்டு மூன்று தடவை காற்றில் ஓட்டிப் பார்த்தாள். அடுத்த தாளில் பழம் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. இந்த வழியில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. மறைந்த பகுதியைப் பிள்ளை வரைந்தே விடுகிறது, தாளில் விழாமல். தெரிந்ததை விட்டுவிடும் உறுத்தல் அதற்கு இல்லை.

பொருளைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். காக்ஸின் சோதனைகளில் ஒரே மாதிரி இரண்டு பந்துகள் பிள்ளைகளைத் தடுமாற வைத்தன; மனிதனும் சுவருமாக இரண்டும் வேறுபட்டபோது மறைப்பு எளிதாக வந்தது. ஒரு பக்கம் மட்டும் எட்டிப்பார்ப்பது முதலில், இரு பக்கமும் பிதுங்குவது பிறகு. வடிவம் நன்றாகத் தெரிந்த பொருள் பின்னால் இருக்கட்டும், அப்போதுதான் மறைந்தது என்ன என்பது பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்.

ஊடகம் பற்றி எழுதப்பட்டது குறைவு; வகுப்பில் பெருங்குழப்பத்துக்கு இதுவே காரணம் என்பதால் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. ஆசிரியர் சொல்லும் வழக்கமான விதி, முன்னால் இருப்பதை முதலில் வரை என்பது. அமெரிக்காவில் மோனா புரூக்ஸ் 1986-இல் எழுதிய புகழ்பெற்ற கையேட்டிலும் மறைப்புக்குச் சொல்லும் வழி இதுதான். பென்சிலுக்கு இது சரி. முன்னது முதலில் இருந்தால்தான் பின்னது முட்டி நிற்க விளிம்பு கிடைக்கும். ஆனால் அடுத்த வாரம் வெட்டி ஒட்டும் வேலை வருகிறது. அங்கே பின்னால் இருப்பதை முதலில் ஒட்ட வேண்டும், முன்னால் இருப்பது கடைசியில். வரிசை தலைகீழ். அதற்கடுத்த வாரம் போஸ்டர் கலர். அது அடர்த்தியான வண்ணம், அடியில் இருப்பதை மறைத்துவிடும். பின்னணி காய்ந்த பிறகு முன்பொருளை மேலே தீட்ட வேண்டும். நீர்வண்ணமானால் சிக்கல் வேறு. மஞ்சள் பழத்தின் மேல் சிவப்புப் போத்தலைத் தீட்டினால் நடுவில் ஆரஞ்சு நிறம் வந்து இரண்டும் தெரியும். பிள்ளை எதிலிருந்து விலகி வந்ததோ அந்த ஊடுருவல் படமே திரும்ப வந்துவிடும். ஒரே விதியைச் சொல்லிவிட்டு நான்கு ஊடகத்தைக் கையில் கொடுத்தால் பிள்ளை எதைப் பிடித்துக்கொள்ளும்?

என் கணிப்பில் ஊடகங்களையே படிக்கட்டாக வைத்துக்கொள்ளலாம். முதலில் வெட்டி ஒட்டுதல். அதில் பிள்ளை எதையும் விட்டுவிடத் தேவையில்லை. பழத்தை முழுதாக வெட்டி ஒட்டுகிறது, பிறகு போத்தலை அதன் மேல் வைக்கிறது. பழத்தின் பாதி காணாமல் போகவில்லை, தாளுக்கு அடியில் இருக்கிறது, வேண்டுமானால் தூக்கிப் பார்க்கலாம். போத்தலை ஒட்டாமல் நகர்த்தி நகர்த்திப் பார்க்க விட்டால் எவ்வளவு மறைகிறது, எங்கே மறைகிறது என்பதெல்லாம் விளையாட்டாகவே தெரிந்துவிடும். பாலர் பள்ளியிலேயே இதைச் செய்யலாம்.

அடுத்தது மெழுகுக் கிரேயோனும் நீர்வண்ணமும். முன்பொருளைக் கிரேயோனால் அழுத்தமாகத் தீட்டிவிட்டு, பின்னால் இருப்பதை நீர்வண்ணத்தால் அதன் மேலேயே இழுத்துவிட்டால் மெழுகு தண்ணீரைத் தள்ளிவிடும். தூரிகை நிற்கவில்லை, வண்ணம் தானே நின்றுவிட்டது. பழத்தின் நீர்வண்ணம் போத்தலின் விளிம்பில் விலகி ஓடுவதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் பலன் தெரியும். கோடு எங்கே நிற்க வேண்டும் என்பதை மெழுகு கற்றுக்கொடுத்துவிடுகிறது. அதன் பிறகு பென்சிலைக் கையில் கொடுத்து, இப்போது நீயே நிறுத்து என்று சொன்னால் அது புது விதியாக இருக்காது. போஸ்டர் கலரை ஆண்டு 4-க்குத் தள்ளிப்போடலாம், அவசரமில்லை.

கற்றுக்கொடுக்கவே கூடாது என்று சொன்னவர்களும் உண்டு. வியன்னாவில் ஃபிரான்ஸ் சிசெக் என்பவர் 1897 முதல் நடத்திய சிறுவர் வகுப்பிலிருந்து, பிள்ளையின் படத்தில் பெரியவர்கள் கை வைக்கக் கூடாது என்ற இயக்கம் வளர்ந்தது. வியன்னாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-இல் எழுதிய நூலில், மறைப்பு ஒன்பது வயதுக்குமேல் யதார்த்தம் அரும்பும் பருவத்தில்தான் இயல்பாக வரும் என்றார். அதற்கு முன் பார்த்தெழுதும் பயிற்சிகளும் வண்ணம் தீட்டும் புத்தகங்களும் பிள்ளையின் நம்பிக்கையைக் கெடுக்கும் என்று கடுமையாக எச்சரித்தார். இந்தியாவில் சாந்திநிகேதனில் படித்து 1944 முதல் சேவாகிராமத்தில் கலை கற்பித்த தேவி பிரசாத்தும் பிள்ளையின் சொந்த வெளிப்பாட்டை முன்னால் வைத்தார். அங்கே கலை கைத்தொழிலோடும் அன்றாட வாழ்வோடும் சேர்ந்தது. பிள்ளை சுற்றிப் பார்க்காமல் வரைய வாய்ப்பில்லை.

லோவன்ஃபெல்டின் எச்சரிக்கையை நான் பாதி ஏற்கிறேன். மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் வண்ணம் தீட்டும் போட்டிகளுக்குக் குறைவில்லை. தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று, சுதந்திர தினத்துக்கு ஒன்று. அச்சடித்த கோட்டுப்படத்தில் மறைப்பெல்லாம் முன்கூட்டியே முடிந்துவிட்டிருக்கும். எந்தக் கோடு எங்கே நிற்க வேண்டும் என்பதை யாரோ எப்போதோ தீர்மானித்துவிட்டார்கள். பிள்ளைக்கு மிஞ்சுவது கோட்டுக்கு வெளியே போகாமல் இருப்பது மட்டும். பரிசு வாங்கும் பிள்ளைகளிலும் பலர் இரண்டு பொருளைப் பார்த்து வரையத் தெரியாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மறுபாதியை ஏற்க முடியவில்லை. ஒன்பது வயது வரும் என்று காத்திருப்பது வீட்டில் படமும் புத்தகமும் கலை வகுப்பும் நிறைந்த பிள்ளைக்குச் சரியாகலாம். தோட்டப்புறத்துப் பிள்ளைக்குப் பள்ளிதான் எல்லாம். அங்கே கிடைக்காதது வேறெங்கும் கிடைக்காது. ஒன்பது பத்து வயதில்தான் பிள்ளைகள் தங்கள் படத்தைத் தாங்களே குறை சொல்லத் தொடங்குகிறார்கள், எனக்கு வரைய வராது என்று பென்சிலைக் கீழே வைப்பதும் அப்போதுதான். அந்த வயது வருவதற்கு முன் கையில் ஓரிரு கருவி இருந்தால் பென்சில் கீழே போகாது. டேவிஸும் காக்ஸும் காட்டியபடி, காரணத்தோடு கொடுத்தால் ஆறு ஏழு வயதிலேயே வாங்கிக்கொள்கிறார்கள். சொல்லும் விதமும் உதவும். நீ உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து உன் கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அப்படியே வரை என்று தெளிவாகச் சொன்னபோது கண்டதை வரைவது கூடியது என்று மார்ட்டின் பாரெட்டும் உடன் ஆய்ந்தவர்களும் 1980-களில் கண்டார்கள். வெறுமனே இதை வரை என்று சொன்னால் பிள்ளை தனக்குத் தெரிந்த மாம்பழத்தைத்தான் வரையும். நாம் கேட்டது அதுதான் என்று அது நினைப்பதில் தவறில்லை.

ஒன்றை மட்டும் தவிர்க்க வேண்டும். அப்பாவின் இரண்டு காலும் தெரியும் மோட்டார்சைக்கிள் படத்தின் மேல் சிவப்பு மையில் திருத்தம் போடக் கூடாது, அழிப்பானைக் கையில் கொடுத்து ஒரு காலை அழிக்கச் சொல்லவும் கூடாது. அந்தப் படம் அப்பாவைப் பற்றியது. தோட்ட முனையில் நின்று வண்டி கடந்துபோவதைப் பார்த்து வரையச் சொன்னால் அது வேறு படம். இரண்டையும் வரைய ஒரே பிள்ளைக்கு உரிமை உண்டு, இரண்டும் அதன் கோப்பில் இருக்கட்டும்.

பைராம் போன்ற இடத்தில் மறைப்பைக் கற்பிக்கச் செலவே இல்லை. நிரையின் முனைக்குப் பிள்ளைகளை அழைத்துப்போய், ஒருவன் முன்னால் நிற்க மற்றவர்கள் மரத்துக்குப் பின்னால் ஒளியட்டும். நிற்பவனுக்கு யாருடைய முழங்கை தெரிகிறது, யாருடைய சட்டை தெரிகிறது? தெரிந்ததை மட்டும் வரை, முழுதாக வரைந்தால் அவன் அவுட். காக்ஸின் திருடன் கதைக்கு நம் கண்ணாமூச்சி போதும். ஆண்டு 5, 6 பிள்ளைகளுக்கு ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளை அட்டைச் சட்டத்தில் ஒட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அதன் வழியே தெரியும் மரங்களை மார்க்கரால் பிளாஸ்டிக்கின் மேலேயே வரையச் செய்யலாம். ஐரோப்பிய மறுமலர்ச்சி ஓவியர்கள் கண்ணாடிச் சட்டத்தைக் கொண்டு செய்த பயிற்சிதான் இது. தலை அசைந்தால் மரங்கள் இடம் மாறுவதைப் பார்த்ததும் ஒரு நிலையிலிருந்து பார்ப்பது என்றால் என்ன என்பது விளங்கிவிடும்.

ஜார்ஜ் டவுனுக்குச் சுற்றுலா போகும் பள்ளிகள் ஆர்மீனியன் தெருவில் எர்னஸ்ட் ஸகாரெவிச் 2012-இல் தீட்டிய, சைக்கிளில் இரு பிள்ளைகள் இருக்கும் சுவரோவியத்தின் முன் நின்று படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றன. அங்கே பிள்ளைகள் தீட்டப்பட்டவர்கள், சைக்கிள் மட்டும் உண்மையானது, சுவரில் பொருத்தப்பட்டது. சைக்கிளின் பின்னால் ஓவியப் பிள்ளையின் உடம்பில் எது மறைகிறது, பக்கவாட்டில் போய் நின்றால் அது எப்படி மாறுகிறது என்று அங்கேயே கால்மணி நேரம் கேட்டு வரைய வைக்கலாம். நேரே நின்றால் ஒட்டி இருப்பது பக்கத்தில் போனதும் பிரிந்துவிடும்.

கூட்டம் வரைவதுதான் கடைசிப் படி. தைப்பூசம் என்று தலைப்புக் கொடுத்தால் ஆண்டு 3 பிள்ளையின் தாளில் பன்னிரண்டு பேர் பன்னிரண்டு இடத்தில் நிற்பார்கள், நடுவில் ஒரு காவடி. பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போகும் சாலையில் அந்தப் பிள்ளை கண்டது அப்படி இல்லை. தோளும் தலையும் முதுகுமாக ஒருவருக்குள் ஒருவர் புதைந்த கூட்டம் அது. இதைப் பொருள் பொருளாக அடுக்கிக் கற்பிக்க முடியாது. முன்வரிசையில் மூன்று பேரை முழுதாக வரைந்துவிட்டு, அவர்களுக்கு இடைப்பட்ட வெற்றிடங்களை மட்டும் பார்க்கச் சொல்ல வேண்டும். இந்த இடுக்கில் என்ன தெரியும்? ஒரு தலை, பாதி முகம், மயிலிறகின் நுனி. இடுக்குகளை நிரப்பும்போது மறைந்த உடம்புகளைப் பற்றிய கவலை பிள்ளைக்கு வருவதே இல்லை. பத்து வயதில் இது முடியும், எட்டில் கடினம்.

கடைசியாக மதிப்பீடு. மலேசியப் பள்ளிகளின் வகுப்பறை மதிப்பீட்டில் ஆறு அடைவுநிலைகள் இருக்கின்றன. ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண்ணைக் குறித்தாக வேண்டும். படத்தை மட்டும் பார்த்துக் குறித்தால் பாதி சூரியனை மனப்பாடமாகப் போட்ட பிள்ளைக்கு உயர்ந்த எண்ணும், பார்த்துத் தடுமாறிய பிள்ளைக்குக் குறைந்த எண்ணும் போய்ச் சேரும். இதைத் தவிர்க்க ஒரு சின்ன வழி போதும். போத்தலும் மாம்பழமும் வரைந்து முடிந்ததும், மேசையில் இரண்டையும் இடம் மாற்றி, மாம்பழத்தை முன்னால் வைத்து, இன்னொரு தாளைக் கொடுங்கள். வாய்ப்பாட்டில் வரைந்த பிள்ளை முதல் படத்தையே திரும்ப வரையும், அல்லது இரண்டையும் பிரித்துவிடும். கற்றுக்கொண்ட பிள்ளை இம்முறை பழத்தை முதலில் வரைந்துவிட்டு, போத்தலின் கோட்டைப் பழத்தின் விளிம்பில் நிறுத்தும். இரண்டு தாளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்த பிறகு எண்ணைக் குறித்துக்கொள்ளலாம்.